கருத்துப்பட இதழாளராகச் சுப்பிரமணிய பாரதி

சி. சுப்பிரமணிய பாரதி (டிசம்பர் 11, 1882 – செப்டம்பர் 11, 1921) ஒரு தமிழ்க் கவிஞர், எழுத்தாளர், இதழாசிரியர், விடுதலைப் போராட்ட வீரர் ஆவார். பாரதியார் என்றும் மகாகவி என்றும் அழைக்கப்படுகிறார். இவர் அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்த எட்டயபுரத்தில் பிறந்தார். தமிழ் இதழ்களில் அரசியல் கருத்துப்படங்களைத் தொடர்ச்சியாக வெளியிட்ட முன்னோடியாகவும் இவர் கருதப்படுகிறார். இவருடைய கவிதைகள் அறியப்பட்ட அளவுக்கு இப்பணி அறியப்படவில்லை. கேலிச்சித்திரமும் அதன் வழிவந்த அசைபடமும் காண்போரின் உணர்ச்சியை ஏன் இவ்வளவு எளிதில் தொடுகின்றன என்னும் கேள்விக்குத் தமிழில் கிடைக்கும் மிகப் பழைய விடைகளுள் ஒன்று இவர் நடத்திய இந்தியா வார இதழில் உள்ளது.

இளமை

பாரதியின் தந்தை சின்னசாமி ஐயர் எட்டயபுரம் சமஸ்தானத்தில் பணியாற்றியவர். கணிதத்திலும் இயந்திரங்களிலும் நாட்டம் உடையவர். தாயார் இலக்குமி அம்மாள் பாரதிக்கு ஐந்து வயதானபோது, 1887-ஆம் ஆண்டில் காலமானார். சிறு வயதிலேயே கவி பாடும் திறன் பெற்றிருந்த சுப்பையாவுக்கு 1893-இல், பதினோராம் வயதில், எட்டயபுரம் அவையில் பாரதி என்னும் பட்டம் அளிக்கப்பட்டது.

1894 முதல் 1897 வரை திருநெல்வேலி இந்துக் கல்லூரியின் பள்ளிப் பிரிவில் பயின்றார். கரிசல் நிலத்து எட்டயபுரத்திலிருந்து தாமிரபரணிக் கரையின் நெல்வயல் நாட்டுக்கு வந்த இக்காலத்தில்தான் ஆங்கிலக் கல்வி அவருக்கு அறிமுகமாயிற்று. அக்கல்வி முறை அவருக்குப் பிடிக்கவில்லை என்பதைப் பிற்காலத்தில் எழுதிய தன்வரலாற்றுக் கவிதையில் கசப்புடன் பதிவு செய்துள்ளார். 1897-இல் கடையத்தைச் சேர்ந்த செல்லம்மாவை மணந்தார். தந்தையார் எட்டயபுரத்தில் தொடங்கிய பஞ்சு ஆலை முயற்சி நட்டமடைந்து குடும்பம் வறுமைக்கு உள்ளானது. 1898-இல் தந்தையாரும் மறைந்தார்.

இதன் பின் காசியில் அத்தையின் வீட்டில் தங்கி, வடமொழியும் இந்தியும் கற்றார். அங்கிருந்து திரும்பிச் சிறிது காலம் எட்டயபுரம் சமீன்தாரிடம் பணிபுரிந்தார். அந்த அவையின் சோம்பலையும் முகத்துதியையும் புதுச்சேரியில் இருந்தபோது சின்னச் சங்கரன் கதை என்னும் நகைச்சுவைப் புனைவாக எழுதினார். முற்றுப்பெறாத இந்நூலில் சமீன்தாரும் அவைப் புலவர்களும் ஓரிரு அங்க அடையாளங்களாலும் பழக்கங்களாலும் மிகைப்படுத்தி வரையப்பட்டுள்ளனர். உரைநடையில் எழுதப்பட்ட கேலிச்சித்திரம் என்று இதனைக் கூறலாம்.

இதழியல் பணி

1904-இல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதங்கள் தற்காலிகத் தமிழாசிரியராக இருந்தார். அவ்வாண்டின் இறுதியில் ஜி. சுப்பிரமணிய ஐயர் நடத்திய சுதேசமித்திரன் நாளிதழில் உதவி ஆசிரியரானார். 1905-இல் சக்கரவர்த்தினி என்னும் மகளிர் மாத இதழின் ஆசிரியப் பொறுப்பையும் ஏற்றார். அவ்வாண்டு வங்காளம் பிரிக்கப்பட்டது. காசியில் நடந்த காங்கிரசு மாநாட்டுக்குச் சென்ற பாரதி, கல்கத்தாவில் சகோதரி நிவேதிதையைச் சந்தித்தார். அவரைத் தம் குருவாகவே ஏற்றுக்கொண்டு, 1908-இல் வெளிவந்த சுதேச கீதங்கள் நூலை அவருக்குக் காணிக்கையாக்கினார்.

1905-இல்தான் வங்க ஓவியர் அபனீந்திரநாத் தாகூர் நான்கு கரங்களுடன் கூடிய பாரத மாதா ஓவியத்தை வரைந்தார். நாட்டை ஒரு பெண்ணாக, அதுவும் தாயாகக் காட்டும் அவ்வடிவம் பின்னர் இந்தியா முழுவதும் பரவியது. பாரதியின் படங்களிலும் பாடல்களிலும் அது நிலையான இடம் பெற்றது.

இந்தியா இதழும் கருத்துப்படங்களும்

1906 மே மாதத்தில் சென்னையில் இந்தியா வார இதழ் தொடங்கப்பட்டது. மண்டயம் குடும்பத்தைச் சேர்ந்த திருமலாச்சாரியார் இதற்குப் பொருளுதவி செய்தார். இதழைப் பாரதியே நடத்தினாலும், சட்டப்படி ஆசிரியராகப் பதிவு செய்யப்பட்டிருந்தவர் மு. சீனிவாசன் என்பவர். சிவப்பு நிறத் தாளில் அச்சிடப்பட்ட இவ்விதழ் சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்னும் பிரெஞ்சுப் புரட்சியின் முழக்கங்களைத் தன் கொள்கையாகக் கொண்டிருந்தது.

கேலிப்படத்துக்குக் கார்ட்டூன் என்னும் பெயரை 1843-இல் வழக்கிற்குக் கொண்டு வந்தது இலண்டனின் பஞ்ச் இதழ் ஆகும். அதனைப் பின்பற்றி இலக்னோவில் அவத் பஞ்ச், பம்பாயில் இந்தி பஞ்ச் ஆகியவை வெளிவந்தன. தமிழில் அதுவரை அரசியல் இதழ் என்றால் எழுத்து மட்டுமே. படம் அச்சிட ஓவியர் வேண்டும், தனியாகப் பிளாக் செய்ய வேண்டும், செலவு மிகுதி. வருவாய் குறைந்த ஒரு வார இதழ் இச்செலவை ஏற்றதே வியப்புக்குரியது.

பாரதி ஓவியர் அல்லர். கருத்தைத் தாமே வகுத்து, ஓவியரைக் கொண்டு வரையச் செய்தார். வங்கப் பிரிவினை, அந்நியத் துணி புறக்கணிப்பு, சுதேசித் தொழில்கள், பஞ்சம், காங்கிரசில் மிதவாதிகளுக்கும் தீவிரவாதிகளுக்கும் இடையே ஏற்பட்ட பிளவு, மார்லி – மின்டோ சீர்திருத்தம் ஆகியவை இப்படங்களின் பொருளாக அமைந்தன. படத்துடன் அதன் பொருளை விளக்கும் குறிப்பும் இடம்பெறும். யார் யாரைக் குறிக்கிறார், எந்தப் பொருள் எதற்கு அடையாளம் என்பன அதில் சொல்லப்பட்டிருக்கும். இன்றைய கேலிச்சித்திரக்காரர்கள் இத்தகைய விளக்கத்தை ஒரு குறையாகவே எண்ணுவர். நகைச்சுவையை விளக்கினால் சிரிப்பு வராது என்பது உண்மையே. ஆயினும் அன்றைய சென்னை மாகாணத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் பத்தில் ஒருவருக்கும் குறைவு. இதழை ஒருவர் வாசிக்கப் பலர் சுற்றியிருந்து கேட்கும் வழக்கம் இருந்தது. கேட்போருக்குப் படம் கண்ணெதிரே இருக்க, விளக்கம் செவியில் விழுந்தது. பாவைக்கூத்தில் திரையில் உருவம் அசைய, பின்னிருந்து பாட்டும் உரையும் வருவதைப் பார்த்துப் பழகிய மக்களுக்கு இம்முறை அந்நியமாக இருந்திருக்காது.

படங்கள் உணர்ச்சியைத் தொட்ட விதம்

ஏகாதிபத்தியம், ஏற்றுமதி, வரி, சட்டத் திருத்தம் ஆகியவை மக்கள் அழுவதற்கோ சினப்படுவதற்கோ ஏற்ற பொருள்கள் அல்ல. அவற்றுக்கு முகம் கிடையாது. கருத்துப்படம் செய்யும் முதல் வேலை அவற்றுக்கு ஒரு முகத்தைத் தருவதாகும். நாடு ஒரு தாயாகிறது. அவள் முகம் வாடுகிறது. பார்ப்பவர் அரசியலை ஆராயும் முன்பே தாயின் துயரத்தை உணர்ந்து விடுகிறார். ஆராய்ச்சி பின்னர்தான் வருகிறது, சில நேரங்களில் வராமலும் போகிறது. கருத்துப்படத்தின் வலிமையும் இடரும் இந்த இடத்தில்தான் உள்ளன.

இரண்டாவது, கோடுகளின் சிக்கனம். ஒளிப்படத்தில் உள்ள முகம் குறிப்பிட்ட ஒருவருடையது. நாலைந்து கோடுகளால் ஆன முகம் யாருடையதாகவும் இருக்கலாம். விடுபட்டதைப் பார்ப்பவர் தம் நினைவிலிருந்து நிரப்பிக்கொள்கிறார். வாடிய தாயின் படத்தில் ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த ஒரு தாயைக் காண்பது இதனால்தான். மூன்றாவது, பழங்கதைகளின் துணை. புராண இதிகாசப் பாத்திரங்களின் மீது மக்களுக்கு அன்பும் வெறுப்பும் முன்பே நிறைந்திருக்கின்றன. ஒரு புதிய அரசியல்வாதிக்கு அப்பாத்திரத்தின் தோற்றத்தைக் கொடுத்தால் அந்த உணர்ச்சி முழுவதும் அவர் மீது சென்று சேர்கிறது. பாரதி இதே உத்தியைப் பின்னர் பாஞ்சாலி சபதத்தில் பெரிய அளவில் கையாண்டார். 1912-இல் முதற்பாகம் வெளிவந்த அக்காவியத்தின் பாஞ்சாலி, அடிமைப்பட்ட பாரத நாட்டின் உருவமாகவே படிக்கப்படுகிறாள்.

விலங்குகளையும் பறவைகளையும் மனிதராகப் பேச வைப்பதிலும் பாரதிக்கு விருப்பம் இருந்தது. காக்காய் பார்லிமெண்ட் என்னும் கட்டுரையில் காகங்கள் கூடி அரசியல் பேசுகின்றன. குயில் பாட்டில் குயில் ஒன்று குரங்கிடமும் மாட்டிடமும் காதல் பேசுகிறது. படிப்பவர் முதலில் சிரிக்கிறார், பின்னர் அக்குயிலுக்காக வருந்துகிறார். அசைபடங்களில் எலியும் யானைக் குட்டியும் மான் குட்டியும் நம்மை அழ வைக்கும் முறை இதுவே. மனிதனைப் பற்றிச் சொன்னால் பார்ப்பவர் அவன் நல்லவனா, நம்மவனா என்று எடை போடத் தொடங்குவார். விலங்காகக் காட்டினால் அந்த எச்சரிக்கை தளர்ந்து விடுகிறது.

இதழ்க் கேலிச்சித்திரமும் அசைபடமும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. பாரிசு நகரின் கேலிச்சித்திரக்காரர் எமில் கோல் 1908 ஆகத்தில் வெளியிட்ட பாந்தாசுமகோரி என்னும் ஒன்றரை நிமிடப் படம், முழுவதும் கையால் வரையப்பட்ட முதல் அசைபடமாகப் பலராலும் கொள்ளப்படுகிறது. அமெரிக்காவில் செய்தித்தாள் ஓவியர் வின்சர் மெக்கே 1914-இல் கெர்ட்டி என்னும் தொன்மா உயிரைத் திரையில் உலவ விட்டார்; அவர் அதட்ட, அது அழுதது. தமிழ்நாட்டில் செமினி சுடூடியோவின் ஓவியர் தாணு 1947-இல் சினிமா கதம்பம் என்னும் அசைபடத்தை உருவாக்கினார்.

மிதவாதிகளும் கேலியும்

கேலிச்சித்திரம் நடுநிலையானது அன்று. இந்தியா இதழ் மிதவாதத் தலைவர்களிடம் கடுமையாக நடந்துகொண்டது. அவர்களுள் வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயரும் ஒருவர். 1907-இல் ஜி. ஏ. நடேசன் வழியாக அவர் முன் பாரதி தம் பாடல்களைப் பாடிக் காட்டும் வாய்ப்பு நேர்ந்தது. தம்மைத் தாக்கி எழுதும் இதழின் ஆசிரியர் என்பதைப் பொருட்படுத்தாமல், அவர் மூன்று பாடல்களைத் தம் செலவில் 15,000 படிகள் அச்சிட்டு இலவசமாக வழங்கினார். கேலிப்படங்கள் வரைந்து காட்டிய மிதவாதிக்கும் இந்த மனிதருக்கும் இடையே இருந்த தொலைவு கவனிக்கத்தக்கது. ஒருவரை ஒரே அடையாளமாகச் சுருக்கும்போது மற்றவை விடுபட்டே தீரும்.

திருநெல்வேலி எழுச்சி

ஒட்டப்பிடாரத்தைச் சேர்ந்த வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906-இல் சென்னையில் பாரதியைச் சந்தித்தார். இருவரின் தந்தையரும் முன்பே அறிமுகமானவர்கள். அதே ஆண்டில் வ. உ. சி. தூத்துக்குடியில் சுதேசி கப்பல் நிறுவனத்தைத் தொடங்கினார். இருவரும் 1907-இல் சூரத்து காங்கிரசுக்குச் சென்றனர்.

1908 மார்ச் 12 அன்று வ. உ. சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கைது செய்யப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலியில் மக்கள் கொதித்தெழுந்தனர். நகராட்சி அலுவலகம் உள்ளிட்ட அரசுக் கட்டடங்கள் தாக்கப்பட்டுத் தீக்கிரையாயின. காவல்துறை சுட்டதில் நால்வர் இறந்தனர். சூலை மாதத்தில் வ. உ. சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனையும் சிவாவுக்குப் பத்தாண்டுத் தண்டனையும் விதிக்கப்பட்டன. பின்னர் இவை மேல்முறையீட்டில் குறைக்கப்பட்டன. பாரதி படித்த ஊரில், அவர் நண்பர்களுக்கு நேர்ந்த இந்நிகழ்வுகளை இந்தியா இதழ் தீவிரமாக எழுதியது.

ஆகத்து மாதத்தில் இதழின் பதிவு பெற்ற ஆசிரியர் சீனிவாசன் அரசத் துரோகக் குற்றச்சாட்டில் கைதானார். பாரதி நண்பர்களின் வற்புறுத்தலால் பிரெஞ்சு ஆட்சிக்கு உட்பட்ட புதுச்சேரிக்குச் சென்றுவிட்டார். சீனிவாசனுக்கு ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. எழுத்தும் படமும் பாரதியுடையவை, தண்டனை கையொப்பமிட்டவருடையது. பாரதியின் வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் பலரும் தயக்கத்துடனேயே கடந்து செல்லும் இடம் இது. அவர் சிறை சென்றிருந்தால் பிற்காலப் படைப்புகள் தோன்றியிருக்குமா என்று கேட்போரும் உண்டு. அக்கேள்வியால் சீனிவாசனின் ஐந்தாண்டுகள் குறைந்துவிடுவதில்லை.

புதுச்சேரிக் காலம்

1908 அக்டோபரில் இந்தியா இதழ் புதுச்சேரியிலிருந்து மீண்டும் வெளிவந்தது. கருத்துப்படங்களும் தொடர்ந்தன. 1909-இல் விஜயா நாளிதழும் வெளிவந்தது. அவ்வாண்டு வெளியான விஜயா இதழின் அட்டை ஒன்றில் பல இனத்துக் குழந்தைகளைக் கொண்ட பாரத மாதாவின் உருவமும் வந்தே மாதரம் என்னும் முழக்கமும் இடம்பெற்றன. இந்தப் படம் அக்காலத் தேசியச் சித்திரங்களைப் பற்றிய ஆய்வுகளில் இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. நாட்டை ஒரு தெய்வப் பெண்ணாகக் காட்டியது இந்துக்கள் அல்லாதாரிடம் அதே உணர்ச்சியை எழுப்பியிருக்குமா என்னும் ஐயத்தை ஆய்வாளர்கள் எழுப்பியுள்ளனர். எல்லாச் சமயத்தாரையும் அவள் மக்களாக வரைந்தது அந்த ஐயத்துக்கு அன்றே சொல்லப்பட்ட ஒரு விடை எனலாம். அது போதுமான விடையா என்பது வேறு.

ஆங்கிலமும் தமிழும் கலந்து, படங்களையே முதன்மையாகக் கொண்டு சித்ராவளி என்னும் இதழை நடத்தவும் பாரதி திட்டமிட்டார். அது நிறைவேறவில்லை. 1910 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்த அச்சகச் சட்டம் இதழ்களை மேலும் நெருக்கியது. பிரித்தானிய இந்தியாவுக்குள் தடை செய்யப்பட்ட நிலையில் வாசகர்களைச் சென்றடைய வழியின்றி 1910 மார்ச்சில் இந்தியா நின்றது. பாரதி அதன் பின் கருத்துப்பட இதழ் எதையும் நடத்தவில்லை. 1911 சூன் 17 அன்று மணியாச்சி தொடருந்து நிலையத்தில் திருநெல்வேலி ஆட்சியர் ஆசு சுட்டுக் கொல்லப்பட்டபின் புதுச்சேரியில் இருந்த தேசியவாதிகள் மீதான கண்காணிப்பு மிகவும் கடுமையாயிற்று. வறுமையும் ஒற்றர் தொல்லையும் நிறைந்த இவ்வாண்டுகளில்தான் கண்ணன் பாட்டு, குயில் பாட்டு, பாஞ்சாலி சபதம் ஆகியவை எழுதப்பட்டன.

கடையம்

1918 நவம்பரில் புதுச்சேரியை விட்டு வெளியேறிய பாரதி கடலூர் அருகே கைது செய்யப்பட்டார். மூன்று வாரங்களுக்கு மேல் சிறையில் இருந்து, காவல்துறையின் நிபந்தனைகளை ஏற்று விடுதலையானார். பின் மனைவியின் ஊரான கடையத்துக்குச் சென்றார்.

கடையம் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், தாமிரபரணியுடன் கலக்கும் கடனாநதியின் படுகையில் உள்ளது. 2019-இல் மாவட்டம் பிரிக்கப்பட்டதிலிருந்து தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்தது. ஊருக்குச் சற்றுத் தள்ளி நித்தியகல்யாணி அம்மன் கோயில் உள்ளது. சாதி வேறுபாடு பாராது பழகியதால் அக்கிரகாரத்தார் அவரை வெறுத்ததைப் பற்றியும், கழுதைக் குட்டியைத் தோளில் சுமந்து சென்றதைப் பற்றியும் பல செய்திகள் இவ்வட்டாரத்தில் வாய்வழியாகச் சொல்லப்படுகின்றன. 1919-இல் உதவி வேண்டி எட்டயபுரம் அரசருக்குச் சீட்டுக்கவி எழுதினார். பயன் கிட்டவில்லை.

கடையத்தில் இருந்தபோது தம் எழுத்துகள் அனைத்தையும் 40 நூல்களாக, ஒவ்வொன்றும் 10,000 படிகளாக வெளியிடும் திட்டத்தை 1920-இல் அறிவித்துப் பலரிடம் பண உதவி கோரினார். அந்நூல்கள் மண்ணெண்ணெயையும் தீப்பெட்டியையும் போல எல்லா வீடுகளுக்கும் எளிதாகச் சென்று சேரும் என்று நம்பினார். எழுத்தறிவு குறைந்த நாட்டில் பெருந்திரளான மக்களை எப்படி எட்டுவது என்பது இந்தியா இதழில் படம் போட்ட நாளிலிருந்தே அவருடைய கவலையாக இருந்தது. அறிவிப்புக்கு வந்த மறுமொழி மிகக் குறைவு.

இறப்பும் பிற்காலமும்

1920-இல் கட்டுப்பாடுகள் நீங்கியபின் சென்னைக்குத் திரும்பி மீண்டும் சுதேசமித்திரனில் சேர்ந்தார். 1921-இல் திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயில் யானையால் தள்ளப்பட்டுக் காயமுற்றார். அதிலிருந்து மீண்டாலும் பின்னர் வயிற்றுக்கடுப்பால் நலிவுற்று, செப்டம்பர் 11 நள்ளிரவைக் கடந்த வேளையில் காலமானார். அப்போது அவருக்கு வயது 38.

கல்கி முன்னின்று திரட்டிய நிதியைக் கொண்டு எட்டயபுரத்தில் கட்டப்பட்ட பாரதி மணிமண்டபம் 1947-இல் திறக்கப்பட்டது. தமிழ்நாட்டில் கேலிச்சித்திரம் என்றவுடன் நினைவுக்கு வருபவர்கள் 1930களில் ஆனந்த விகடனில் வரைந்த மாலியும் அவருக்குப் பின் வந்த கோபுலுவும் ஆவர். இந்தியா இதழின் படங்கள் நீண்ட காலம் நூலகங்களிலும் ஆவணக் காப்பகங்களிலும் சிதறிக் கிடந்தன. அவ்விதழில் வெளிவந்த கட்டுரைகள் 1970களில் தொகுக்கப்பட்டன. கருத்துப்படங்களை ஆய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி தொகுத்து 1994-இல் பாரதியின் கருத்துப்படங்கள் என்னும் நூலாக வெளியிட்டார்.